வான்நோக்கு இரவு: பாரதி பூங்காவா, சில்வர் பீச்சா?

புதுச்சேரி, கடலூர் வட்டாரத்தில் பொதுமக்களைக் கூட்டித் தொலைநோக்கியில் வானத்தைக் காட்ட நினைத்தால், நகர நடுவிலுள்ள பாரதி பூங்காவும், அங்கிருந்து தெற்கே இருபது கிலோமீட்டருக்குச் சற்று மேல் தள்ளியுள்ள தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சும்தான் முதலில் மனத்தில் வருகின்றன. இருட்டு ஒன்றையே பார்த்தால் போட்டிக்கே இடமில்லை. சில்வர் பீச் வென்றுவிடும். ஆனால் எதைக் காட்டப் போகிறோம் என்பதை முடிவு செய்யாமல் இடத்தை முடிவு செய்யக் கூடாது.

நிலாவுக்கும் வியாழனுக்கும் சனிக்கும் இருட்டு தேவையே இல்லை. தெருவிளக்கின் கீழ் நின்று பார்த்தாலும் நிலாவின் பள்ளங்களும், வியாழனின் நான்கு பெரிய துணைக்கோள்களும், சனியின் வளையமும் மங்கிவிடுவதில்லை. தை, மாசி மாதங்களின் வளர்பிறை அஷ்டமியில் நிலா அந்தி நேரத்தில் ஏறக்குறைய உச்சியில் நிற்கும்; ஒளியும் இருளும் சந்திக்கும் கோட்டருகே நிழல்கள் நீண்டு விழுவதால் பள்ளங்கள் எடுப்பாகத் தெரியும். பௌர்ணமி நிலாவில் இந்த நிழல்கள் இல்லாமல் எல்லாம் தட்டையாகிவிடும் என்பதால், பௌர்ணமியன்று கூட்டம் கூட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. பாரதி பூங்காவின் உண்மையான குறை விளக்குகள் அல்ல, மரங்கள்தான். ஆயி மண்டபத்தைச் சுற்றியுள்ள திறந்த பகுதியில் உச்சி வானம் கிடைக்கும். அடிவானம் எந்தத் திசையிலும் கிடைக்காது.

அந்த அடிவானம்தான் சில்வர் பீச்சின் பலம். இந்த அகலாங்கில் துருவ நட்சத்திரம் வடக்கே சுமார் 12 பாகை உயரத்திலேயே இருப்பதால், பூங்காவில் அது கிளைகளுக்குப் பின்னே போய்விடும். பிப்ரவரி நடுவில் இரவு ஒன்பது மணியளவில் அகத்திய நட்சத்திரம் நேர் தெற்கில் 25 பாகை உயரத்தில் நிற்கும்; கார்த்திகை, ரோகிணி, திருவாதிரை என்று பஞ்சாங்கத்தில் மட்டும் கேட்ட பெயர்களை அப்போதே மேலே கைநீட்டிக் காட்டலாம். இதற்குத் தொலைநோக்கிகூட வேண்டாம். விளக்கிலிருந்து விலகி இருபது, முப்பது நிமிடம் கண்ணைப் பழக்கினால் போதும். கைவிளக்கின் மேல் சிவப்புக் கண்ணாடித்தாள் சுற்றிக்கொண்டால் அந்தப் பழக்கம் கெடாது.

கடல்மேல் எழும் காட்சியை மட்டும் நம்பிவிடக் கூடாது. கிழக்கு அடிவானத்தில் ஈரமும் மேகமும் தேங்கும். 1769 ஜூன் 4 விடியலில் சூரியனை வெள்ளி கடப்பதை அளப்பதற்காகப் புதுச்சேரியில் காத்திருந்த பிரெஞ்சு வானியலாளர் லெ ஜெந்திலுக்கு நேர்ந்தது அதுதான்: முந்தைய காலைகள் தெளிவாக இருந்தும் வேண்டிய வேளையில் மேகம் மூடியது, நிகழ்வு முடிந்த பிறகே வெயில் வந்தது. ஆகவே கடற்கரையிலும் உயரே ஏறிய பொருள்களையே நிகழ்ச்சிக்கு முதலாகக் கொள்ள வேண்டும்.

கருவியை வைத்துப் பார்த்தால் பூங்காவின் கை ஓங்குகிறது. மணலில் முக்காலி மெல்லப் புதைந்து சாயும். கால்களுக்கு அடியில் பலகை போட்டாக வேண்டும். கடற்காற்றில் குழாய் நடுங்கும். உப்பீரம் படிந்த வில்லையை வேட்டி நுனியால் துடைத்தால் கீறல் விழும். பூங்காவின் கெட்டித் தரையில் இந்தத் தொல்லைகள் இல்லை. வரிசையில் நிற்கும் முதியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் அதுவே வசதி. ஆளுக்கு ஒரு நிமிடம் என்றால் ஒரு தொலைநோக்கியில் மணிக்கு அறுபது பேர்தான் பார்க்க முடியும். பூமி சுழல்வதால் நிலா இரண்டே நிமிடத்தில் தன் அகலத்தளவு நகர்ந்துவிடுகிறது. எட்டிப் பார்க்கும் சிறுவன் குழாயைப் பிடித்துத் தொங்கினால் அதற்கு முன்பே போய்விடும். எனவே கருவியருகே திருத்திவைக்க ஓர் ஆள் நிரந்தரமாக வேண்டும்.

முதன்முறையாக நடத்துபவர்களுக்கு என் பரிந்துரை பாரதி பூங்கா, வளர்பிறை அஷ்டமியை ஒட்டிய மாலை, மண்டபத்தின் அலங்கார விளக்குகளை அணைக்க அனுமதி கிடைக்காவிட்டாலும் சரி. அமாவாசையை ஒட்டிய இரவில் நட்சத்திரங்களை அறிமுகப்படுத்தவே விரும்புபவர்கள் சில்வர் பீச்சுக்குப் போகலாம். அங்கே பெரிய தொலைநோக்கியைவிட இரண்டு பைனாகுலர்களே அதிகம் பயன்படும். வடகிழக்குப் பருவமழை பெய்யும் ஐப்பசி, கார்த்திகையில் இரண்டு இடமும் வேண்டாம்.