ஆலை போச்சு, மண் இருக்கு: கழுவுவதா, விட்டுவைப்பதா?

ஆலையை மூடினால் புகை அன்றே நிற்கும். மண்ணில் இறங்கிய தார், ஈயம், ஆர்சனிக் எல்லாம் அங்கேயேதான் கிடக்கும். அந்த நிலத்தை என்ன செய்வது என்பதில் லண்டனும் ஜெர்மனியின் டூயிஸ்பர்க்கும் எதிரெதிர் வழியில் போயின.

2012 ஒலிம்பிக்குக்காக லண்டன், பழைய ஆலைகள் நிறைந்த லீ பள்ளத்தாக்கில் சுமார் 20 லட்சம் டன் மண்ணைத் தோண்டியது. அங்கேயே இயந்திரங்களை நிறுவிக் கழுவி, பெரும்பகுதியை மறுபடி அங்கேயே போட்டார்கள். நஞ்சு பெரும்பாலும் களி, வண்டல் போன்ற நுண்துகள்களில்தான் ஒட்டியிருக்கும். சலித்து, நீரைப் பீய்ச்சினால் மணலும் சரளையும் சுத்தமாகப் பிரிந்துவிடும். நஞ்சு சேறாகத் திரளும். அந்தச் சேற்றைப் பிழிந்து, நச்சுக்கழிவுக்கான கிடங்குக்கு அனுப்பியாக வேண்டும். களி மிகுந்த மண்ணில் இது எடுபடாது: பாதி மண் சேறாகவே மிஞ்சினால் கழுவிய காசு தண்டம். தோண்டும்போது பறக்கும் தூசி தனித் தலைவலி.

டூயிஸ்பர்க்கில் 1985-ல் மூடிய மைடரிக் இரும்பாலை, பீட்டர் லாட்ஸின் வடிவமைப்பில் பூங்காவானது. மிக மோசமான மண்ணைப் பழைய தாதுத் தொட்டிகளில் போட்டு மூடினார்கள். மற்றதைப் பெரும்பாலும் கிளறவில்லை. பிர்ச் மரங்கள் தாமாகவே முளைத்தன. செலவு குறைவு, லாரிப் போக்குவரத்தும் குறைவு. ஆனால் செடி வளர்ந்துவிட்டால் மண் சுத்தமாகிவிட்டது என்று எண்ணக்கூடாது. எண்ணெய்க் கழிவை வேரடி நுண்ணுயிர்கள் சிதைக்கும். ஈயம் தனிமம், அதை எந்த நுண்ணுயிரும் சிதைக்காது.

அதே வட்டாரத்தின் எம்ஷர் ஆறு இன்னொரு கணக்கு. சுரங்கத்தால் நிலம் அமிழ்ந்துகொண்டே இருந்ததால் புதைகுழாய் போட முடியாமல், ஆறே திறந்த சாக்கடையாக ஓடியது. சுரங்கங்கள் ஓய்ந்த பிறகுதான் குழாய் பதிக்க முடிந்தது. 2021 இறுதியில் ஆற்றில் சாக்கடை கலப்பது நின்றது. ஆனால் அமிழ்ந்த நிலத்தில் நீர் தேங்காமலிருக்க பம்புகள் என்றென்றும் ஓட வேண்டும். இந்த மின்கட்டணத்தையும் லாபக் கணக்கில் கழிக்க வேண்டும்.

விட்டுவைக்கும் வழி சறுக்கும் இடத்தைக் காட்டுவது அமெரிக்காவின் சியாட்டில். 1956-ல் நின்ற ஏரிக்கரை எரிவாயு ஆலை, 1975-ல் பூங்காவாகத் திறக்கப்பட்டது. நுண்ணுயிர்களுக்குத் தீனியாகச் சாக்கடைக் கசடும் மரத்தூளும் மண்ணில் கலந்தார்கள். இலகுவான எண்ணெய்கள் சிதையும், கனமான தார்ச் சேர்மங்கள் லேசில் அசையாது. 1984-ல் பூங்காவைத் தற்காலிகமாக மூட வேண்டி வந்தது. பிறகு மேலே சுத்த மண் பரப்பினார்கள். அது கைபடாமல் காக்கும். பக்கவாட்டில் ஏரிக்குக் கசியும் நிலத்தடி நீரைத் தடுக்காது.

வீடோ பள்ளியோ வரப்போகிறது என்றால் லண்டன் வழிதான், செலவைப் பார்க்கக்கூடாது. நடைபாதையும் மரமும் போதும் என்றால் டூயிஸ்பர்க் வழி சரி. ஆனால் அங்கே கீரைப்பாத்தி போட விடக்கூடாது, நிலத்தடி நீரைச் சோதிக்கும் கண்காணிப்புக் கிணறுகளையும் தூர்க்கக்கூடாது.