உடையாத புரோட்டானைத் தேடும் மூன்று வழிகள்

என் தங்கை மகள் டர்பனில் வெஸ்ட்வில் வளாகத்தில் இயற்பியல் ஆனர்ஸ் படிக்கிறாள். போன ஞாயிறு சாட்ஸ்வொர்த்தில் எங்கள் வீட்டுக்கு வந்தவள், சோற்றில் கை வைத்தபடியே கேட்டாள்: "மாமா, எலக்ட்ரான் அவ்வளவு வேகமா மோதியும் புரோட்டான் உடையலைன்னு எப்படித் தெரியும்? அதுக்குப் பாடத்துல மூணு வழி போட்டிருக்கு. எதை நம்பறது?" பல வருடம் பள்ளியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்த எனக்கு இதைவிட நல்ல கேள்வி இந்த வருடம் கிடைக்கவில்லை. அன்று அவளிடம் சொன்னதைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில், டெஸி ஆய்வகத்தில், 1992 முதல் 2007 வரை ஹெரா என்ற மோதல் வளையம் ஓடியது. சுற்றளவு 6.3 கிலோமீட்டர். ஒரு பக்கம் 27.5 ஜிகா எலக்ட்ரான் வோல்ட் (துகள்களின் ஆற்றலை அளக்கும் அலகு) எலக்ட்ரான், எதிர்ப்பக்கம் 820 ஜிகா எலக்ட்ரான் வோல்ட் புரோட்டான். 1998 முதல் புரோட்டானுக்கு 920. எச்1, சூஸ் என்று இரண்டு பெரிய சோதனைகள் அந்த மோதல்களைப் படம்பிடித்தன. இப்படி ஓங்கி அடித்தால் புரோட்டான் சிதறித்தானே போக வேண்டும்? பெரும்பாலும் அப்படித்தான் ஆனது. ஆனால் மோதப்படும் குவார்க் (புரோட்டானுக்குள் இருக்கும் சிறு துகள்) புரோட்டானின் உந்தத்தில் மிகச் சிறிய பங்கை மட்டுமே சுமக்கும் நிகழ்வுகளில், ஏறத்தாழ பத்தில் ஒன்றில், புரோட்டான் கொஞ்சம் உந்தத்தை மட்டும் விட்டுக்கொடுத்துவிட்டு முழுசாகத் தன் வழியே போனது. இதைத்தான் டிஃப்ராக்டிவ் சிதறல் என்கிறார்கள். இடையே பரிமாறப்படுவதற்கு 'நிறம்' கிடையாது (கண்ணால் காணும் நிறமல்ல, குவார்க்குகளைப் பிணைக்கும் விசைக்கான, மின்னூட்டம் போன்ற ஒரு பண்பு); மிக எளிய படத்தில் அது ஒரு ஜோடி குளுவான், அதாவது அந்தப் பிணைப்பு விசையைச் சுமக்கும் துகள். பொமெரான்சுக் என்ற சோவியத் இயற்பியலாளர் பெயரால் பொமரான் என்று அழைப்பார்கள். நிறம் பரிமாறப்பட்டால் நடுவெளி முழுக்கத் துகள் கொட்டும். நிறமில்லாவிட்டால் சிதறிய துகள்களுக்கும் புரோட்டானுக்கும் நடுவே ஒரு வெற்றிடம் விழும்.

அந்த வெற்றிடத்தையே அடையாளமாகக் கொள்வது முதல் வழி. ரேப்பிடிட்டி இடைவெளி முறை என்று பெயர்; ரேப்பிடிட்டி என்பது துகள் கற்றையின் திசையை ஒட்டி எப்படிப் போகிறது என்பதைக் காட்டும் அளவு. புரோட்டான் போகும் திசையில் இருக்கும் கலோரிமீட்டரிலும் (துகள்களின் ஆற்றலை அளக்கும் கருவி) மற்ற கருவிகளிலும் எதுவும் பதிவாகவில்லையென்றால், அந்த நிகழ்வை எடுத்துக்கொள். 1993-இல் சூஸ் குழு இந்த நிகழ்வுகளை அடையாளம் கண்டு வெளியிட்டது இப்படித்தான். தனிக் கருவி தேவையில்லை, நிகழ்வுகள் ஏராளமாகக் கிடைக்கும்.

ஆனால் இதன் குறையை அவளுக்குப் புரியவைக்கக் காவடி ஊர்வலத்தைத்தான் சொன்னேன். பால்குடம் எடுத்துப் போகிறவரின் பாதையில் ஒரு சொட்டுப் பால்கூடச் சிந்தவில்லை என்று பார்க்கிறோம். குடம் முழுசாகக் கோயில் சேர்ந்தது என்று அதை வைத்துச் சொல்லிவிடலாமா? நாம் பார்க்காத ஓரத்தில் சிந்தியிருக்கலாமே. புரோட்டானும் சில சமயம் லேசாக உடையும். உடைந்த துண்டுகள் கற்றைக்குழாய்க்குள்ளேயே போய்விட்டால் டிடெக்டருக்குத் தெரியாது, இடைவெளி மட்டும் அழகாகத் தெரியும். இன்னொரு குறை, புரோட்டான் எவ்வளவு விலகியது என்பதை இந்த முறையால் அளக்கவே முடியாது. புரோட்டான் இழக்கும் உந்தம் சுமார் 3 சதவீதத்தைத் தாண்டினால் இடைவெளியும் சுருங்கி, பிரித்தறிய முடியாமல் போய்விடும்.

சூஸ் குழு பயன்படுத்திய நிறை முறை இரண்டாவது. சிதறிய துகள்களின் மொத்த நிறையை அளந்து, அதன் வர்க்கத்தின் மடக்கையில் எண்ணிக்கையை வரைவார்கள். சாதாரண நிகழ்வுகள் சிறிய நிறையை நோக்கிப் போகப் போக அடுக்குக்குறி வேகத்தில் விழும். டிஃப்ராக்டிவ் நிகழ்வுகள் கிட்டத்தட்டத் தட்டையாக நிற்கும். விழுவதைக் கணித்துக் கழித்தால் மிச்சம் நமக்கு. கழித்தலில் எவ்வளவு போனது என்பது நாம் போடும் வளைகோட்டைப் பொறுத்தது, உடைந்த புரோட்டான்களும் மிச்சத்தில் கலந்தே இருக்கும். சரிபார்க்க நல்லது. இதை மட்டும் வைத்து முடிவு சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மூன்றாவதுதான் என் மனதுக்குப் பிடித்தது: கோயில் வாசலிலேயே நின்று குடத்துக்குள் எட்டிப் பார்ப்பது. மோதல் இடத்திலிருந்து பல பத்து மீட்டர் தள்ளி, கற்றைக்கு மிக அருகே டிடெக்டரை நுழைத்து, தப்பிவந்த புரோட்டானையே பிடிப்பார்கள். ரோமன் பாட் என்ற இந்த ஏற்பாடு 1970-களின் தொடக்கத்தில் செர்ன் என்ற ஐரோப்பிய ஆய்வகத்தில் பிறந்தது. ரோமைச் சேர்ந்த குழுவின் நினைவாக அந்தப் பெயர். சூஸ் 24 முதல் 90 மீட்டர் வரை ஆறு இடங்களில் சிலிக்கான் பட்டைகளை வைத்தது. எச்1 ஒளிரும் இழைகளை வைத்தது, பிறகு 220 மீட்டரிலும் ஒரு நிலையம் சேர்த்தது. கற்றையை நிரப்பும்போது டிடெக்டர்களைப் பின்னுக்கு இழுத்துவிட்டு, அது நிலைத்த பிறகு மெல்ல உள்ளே நகர்த்த வேண்டும். வளையத்தின் காந்தங்களே புரோட்டானை வளைத்து அதன் உந்தத்தைச் சொல்லிவிடுகின்றன. உந்தத்தில் 10 சதவீதம் இழந்த புரோட்டானைக்கூடப் பிடிக்கலாம்.

விலை இல்லாமல் இல்லை. வந்த புரோட்டான்களில் சிறு பங்குதான் கருவியில் விழும். கற்றையோடு அலையும் அந்நியப் புரோட்டான் தற்செயலாக வந்து ஏமாற்றும். அதனால் மொத்த ஆற்றலைக் கூட்டி, இருக்கக்கூடியதைவிட மிஞ்சுகிறதா என்று பார்த்து விலக்குவார்கள். சூஸ் கருவி குறுக்கு உந்தத்தை 5 மெகா எலக்ட்ரான் வோல்ட் துல்லியத்தில் அளந்தாலும், கற்றைக்கே கிடைமட்டத்தில் சுமார் 40, செங்குத்தில் சுமார் 90 என்ற சிதறல் இருந்ததால் அந்தத் துல்லியம் முழுதாகக் கைக்கு வரவில்லை. இவ்வளவு உழைத்த கருவிக்கு இது எனக்கு உண்மையிலேயே வருத்தமான விஷயம்.

அப்புறம் முக்கியமான இடத்துக்கு வந்தேன். எச்1 குழு முதல் வழியில் வந்த அளவையும் மூன்றாம் வழியில் வந்த அளவையும் வகுத்துப் பார்த்தது. விகிதம் சுமார் 1.2. அதாவது இடைவெளி முறையில் கிட்டத்தட்ட ஆறில் ஒரு பங்கு உடைந்த புரோட்டான். அதைவிட எனக்கு மகிழ்ச்சி தந்தது, பிழை எல்லைக்குள் இந்த விகிதம் எங்கும் மாறவில்லை என்பது. அப்படியென்றால் இடைவெளி முறையின் வளைகோட்டு வடிவம் நம்பத்தக்கது, உயரத்தை மட்டும் ரோமன் பாட் வைத்துத் திருத்தினால் போதும். ஆக, வடிவத்துக்கு முதல் வழி, அளவுக்கு மூன்றாம் வழி. ஒன்றைத்தான் எடுக்க வேண்டும் என்றால் நான் புரோட்டானைக் கண்ணால் பார்க்கும் வழியையே எடுப்பேன்.

"எண்ணிக்கை குறைவா இருந்தா பிழை பெருசாகுமே மாமா?" என்றாள். நியாயம்தான். எச்1, சூஸ் இரண்டும் 2012-இல் தங்கள் புரோட்டான் அளவீடுகளை ஒன்றாகச் சேர்த்ததும் அதனால்தான். தனித்தனியாக இருந்ததைவிடப் பிழை குறைந்தது.

அவள் அடுத்து அமெரிக்காவில் புரூக்ஹேவனில் வரப்போகும் எலக்ட்ரான்–அயனி மோதல் வளையத்தைப் பற்றிப் படிக்கப்போகிறாளாம். அங்கே ரோமன் பாட்களுக்கான இடத்தை வளையத்தின் வரைபடத்திலேயே ஒதுக்கியிருக்கிறார்கள். முதலில் அந்தப் பக்கங்களைப் படி என்று சொல்லி, மீன் குழம்பை இன்னொரு கரண்டி ஊற்றினேன்.