ட்ரம்போ (2015): பிரசங்கம் கொஞ்சம் கூடுதல், ஆனாலும் பார்க்கலாம்

ஹாலிவுட் திரைக்கதை எழுத்தாளர் டால்டன் ட்ரம்போவின் வாழ்க்கையை வைத்து ஜே ரோச் இயக்கிய படம். ஆன்லைனில் வாடகைக்கு எடுத்துப் பார்த்தேன், கொடுத்த காசுக்கு மோசமில்லை. ஆனால் முதல் பாதியில் பொறுமை வேண்டும். ஆளாளுக்கு மேடைப் பேச்சு மாதிரியே பேசிக்கொண்டிருக்கிறார்கள், காபி குடிக்கும்போதுகூட.

கதை தெரியாதவர்களுக்கு: 1947 அக்டோபரில் அமெரிக்க நாடாளுமன்றக் குழு ஒன்று ஹாலிவுட்காரர்களை வாஷிங்டனுக்கு வரவழைத்து, நீ கம்யூனிஸ்ட் கட்சியில் இருக்கிறாயா, இதற்கு முன் இருந்திருக்கிறாயா என்று கேட்டது. ட்ரம்போ 1943இலேயே கட்சியில் சேர்ந்தவர், ஆனால் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது என்று நின்றார். அப்படி நின்ற பத்துப் பேர் மீதும் நாடாளுமன்ற அவமதிப்பு வழக்கு. அடுத்த மாதமே ஸ்டூடியோ முதலாளிகள் நியூயார்க்கில் கூடி, இவர்களுக்கு இனி வேலை இல்லை என்று அறிவித்துவிட்டார்கள். 1950இல் ட்ரம்போ கென்டக்கி மாநிலத்து ஆஷ்லாண்ட் சிறைக்குப் போனார்.

படம் சூடு பிடிப்பது அவர் வெளியே வந்த பிறகுதான். எம்.ஜி.எம் ஸ்டூடியோவில் ஒரு திரைக்கதைக்கு 75,000 டாலர் வாங்கிய மனுஷன், பெயரே போடாமல் மலிவு விலைப் படங்களுக்கு எழுதிக் குவிக்கிறார். (நிஜத்தில் இது சிறைக்குப் போகும் முன்பே தொடங்கிவிட்டது. மலிவுப் படத் தயாரிப்பாளர்களான கிங் சகோதரர்களுக்கு எழுதிய 'கன் கிரேசி'க்குக் கிடைத்தது 3,750 டாலர், டைட்டிலில் வந்ததோ வேறொருவர் பெயர்.) வீடே ஒரு பினாமி எழுத்துப் பட்டறை ஆகிவிடுகிறது. போன் வந்தால் எந்தப் பெயரைச் சொல்லி எடுப்பது என்று பிள்ளைகளுக்குப் பாடம் நடக்கிறது, எழுதி முடித்த கட்டுகளைக் கொண்டுபோய்க் கொடுப்பதும் அவர்கள்தான். இவர் குளியல்தொட்டியில் உட்கார்ந்து, குறுக்கே பலகை போட்டு, சிகரெட், விஸ்கி சகிதம் எழுதுகிறார், பக்கங்களைக் கத்தரித்து ஒட்டுகிறார். மகளின் பிறந்தநாள் கேக் வெட்ட ஐந்து நிமிடம் வெளியே வரச் சொன்னதற்குத் தொட்டிக்குள் இருந்தபடியே அவள்மேல் எரிந்து விழும் காட்சி இருக்கிறதே, எனக்கு மொத்தப் படத்திலும் அதுதான் உண்மையாகத் தெரிந்தது. தியாகி என்று தூக்கி வைத்த ஆளை அந்த ஒரு இடத்தில்தான் துணிந்து கீழே இறக்குகிறார்கள்.

பிரையன் கிரான்ஸ்டன் பிரமாதம், ஆஸ்கர் பரிந்துரை சும்மா கிடைக்கவில்லை. ஆனால் கைதட்டலை அள்ளிக்கொண்டு போவது தயாரிப்பாளர் ஃபிராங்க் கிங்காக வரும் ஜான் குட்மன். ட்ரம்போவை வேலைக்கு வைக்காதே என்று மிரட்ட வந்தவனைப் பேஸ்பால் மட்டையை எடுத்து ஓட ஓட விரட்டுகிறார். கொள்கையாவது ஒன்றாவது, மலிவாக நல்ல கதை கிடைக்கிறது, அவருக்கு அவ்வளவுதான் கணக்கு. கிசுகிசுப் பத்தியாளர் ஹெட்டா ஹாப்பராக ஹெலன் மிர்ரன், விதவிதமான தொப்பிகளும் விஷமுமாக வந்து போகிறார்.

இனி குறைகள். விசாரணைக் குழுத் தலைவர் பார்னல் தாமஸ் பிறகு ஊழல் வழக்கில் சிறைக்குப் போனது உண்மைதான். படத்தில் அவர் ட்ரம்போ இருக்கும் சிறைக்கே வருகிறார். நிஜத்தில் அவர் இருந்தது டான்பரி சிறையில், அங்கே உடன் இருந்தவர் பத்துப் பேரில் இன்னொருவரான ரிங் லார்ட்னர் ஜூனியர். ஒரு வசனத்துக்குக் கைதட்டல் வாங்க இப்படி இடம் மாற்றுவது எனக்குப் பிடிக்கவில்லை. அதைவிடப் பெரிய வருத்தம், படத்தில் மெக்சிகோவே வராதது. சிறைக்குப் பிறகு ட்ரம்போ குடும்பத்தோடு மெக்சிகோ சிட்டியில் சில ஆண்டுகள் திண்டாடினார், அங்கே பார்த்த காளைச் சண்டையிலிருந்து பிறந்ததுதான் 'தி பிரேவ் ஒன்' கதை. மெக்சிகோவையே தூக்கிவிட்டால் அந்தக் கதை வானத்திலிருந்து குதித்த மாதிரி ஆகிவிடுகிறதே! அந்தப் படத்துக்கு 1957இல் ஆஸ்கர் கிடைத்தது 'ராபர்ட் ரிச்' என்ற இல்லாத ஆளுக்கு. ரிச்சின் மனைவிக்குப் பிரசவம், அதனால் வரமுடியவில்லை என்று சொல்லி எழுத்தாளர் சங்கத்து ஆள் ஒருவர் மேடையேறிச் சிலையை வாங்கிக்கொண்டார். இதைவிட நல்ல காமெடியை யார் எழுதிவிட முடியும்?

கடைசியில் நடிகர் கர்க் டக்ளஸும் இயக்குநர் ஓட்டோ பிரெமிஞ்சரும் தங்கள் படத்துக்கு எழுதச் சொல்லி அடுத்தடுத்து வீடு தேடி வரும் பகுதி ஜாலியாகப் போகிறது. 1960இல் 'ஸ்பார்டகஸ்', 'எக்ஸோடஸ்' இரண்டிலும் ட்ரம்போவின் பெயர் திரையில் வந்தது.

கெட்ட வார்த்தைகளும் சிறைக்குள் ஆடை களையும் சோதனைக் காட்சியும் உண்டு, சின்னப் பிள்ளைகளோடு வேண்டாம். வசனம் மழை மாதிரி கொட்டுகிறது, சப்டைட்டிலைப் போட்டுக்கொள்ளுங்கள். என் மதிப்பெண் 5க்கு 3.5. நேரம் இருந்தால் 'ரோமன் ஹாலிடே'யையும் பாருங்கள். அதுவும் இவர் எழுதியதுதான், அதன் கதைக்கான ஆஸ்கரை அவர் மனைவி கிளியோ வாங்கிக்கொண்டது 1993இல், ட்ரம்போ இறந்து 17 ஆண்டுக்குப் பிறகு.