சங்கீதம் 8-ஆ, யோபு 38-ஆ?

படைப்பின் முன் மனுஷன் எவ்வளவு சின்னவன் என்பதை பைபிளின் இந்த இரண்டு பகுதிகளும் பேசுகின்றன. ஆனால் தொனி வேறு.

சங்கீதம் 8-இல் ஒன்பதே வசனங்கள். தாவீது நிலாவையும் நட்சத்திரங்களையும் பார்த்துவிட்டு, மனுஷன் "எம்மாத்திரம்" என்று வியக்கிறார். சரி, அப்புறம்? ஆடு மாடு, பறவை, மீன் எல்லாம் மனுஷனின் பாதத்தின் கீழே வந்துவிடுகின்றன. தாழ்மையோடு ஒரு கிரீடமும் கிடைக்கிறது.

துன்பத்தில் கடவுளோடு வழக்காடிய யோபுவின் புத்தகத்தில் கிரீடம் இல்லை. பெருங்காற்றிலிருந்து கர்த்தர் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்கிறார்: நான் பூமிக்கு அஸ்திபாரம் போட்டபோது நீ எங்கே இருந்தாய்? மனுஷரே இல்லாத வனாந்தரத்தில் மழை பெய்கிறது, யாருக்காக? 39-ஆம் அதிகாரத்துக் காட்டுக்கழுதை பட்டணத்து இரைச்சலை மதிப்பதே இல்லை. தீக்குருவி (நெருப்புக்கோழி) முட்டையை மண்ணில் விட்டுவிட்டுப் போகிறது, ஒரு கால் மிதித்தால் போச்சு. இவற்றில் எதுவும் மனுஷனுக்கு அடங்கியதல்ல.

இன்னொன்று: "எம்மாத்திரம்" என்ற அதே கேள்வியை யோபுவும் 7:17-இல் கேட்கிறார், ஆனால் கசப்போடு. என்னை விட்டுவிடுமே என்கிற தொனி.

நன்றி சொல்லத் தோன்றும் இரவில் சங்கீதம் போதும். தர்க்கம் பண்ணத் தோன்றும்போது எனக்கு யோபுதான். 40:4-இல் அவர் கையால் வாயைப் பொத்திக்கொள்கிறார்.