சிமுலேஷன் பயிற்சியை எதைக் கொண்டு அளப்பது?

செவிலியர் கல்லூரிகளில் சிமுலேஷன் வகுப்பு, அதாவது செயற்கையாக உருவாக்கிய நோயாளிச் சூழலில் பழகும் வகுப்பு, முடிந்ததும் பெரும்பாலும் கையில் மிஞ்சுவது ஒரு கருத்துப் படிவம்தான். வகுப்பு எப்படி இருந்தது என்று மாணவிகளே சொல்லும், 19 கேள்விகள் கொண்ட செட்-எம் (SET-M) படிவத்தைச் சில நிமிடங்களில் நிரப்பிவிடலாம். வகுப்பு நடத்திய விதத்தில் குறை இருந்தால் அது காட்டிக்கொடுக்கும். மாணவிக்கு வேலை தெரியுமா என்பதை ஆசிரியர் கண்ணால் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். அந்த இடத்தில் போட்டி இரண்டு மதிப்பீட்டுப் படிவங்களுக்குத்தான்: நிலை நிலையாக மதிப்பிடும் லாசட்டர் ருப்ரிக், செயல் செயலாக மதிப்பெண் போடும் கிரைட்டன் கருவி.

லாசட்டர் 2007-இல் வந்தது. கவனித்தல், பொருள்கொள்ளுதல், செயல்படுதல், சிந்தித்துப் பார்த்தல் என நான்கு கட்டங்களில் 11 கூறுகள்; ஒவ்வொன்றுக்கும் நான்கு நிலைகள். டீபிரீஃபிங்கில், அதாவது பயிற்சி முடிந்ததும் நடக்கும் கலந்துரையாடலில், மாணவியோடு உட்கார்ந்து பேச மிக நல்ல கருவி. ஆனால் ஒரே மாணவியை ஒருவர் இரண்டாம் நிலையிலும் இன்னொருவர் மூன்றாம் நிலையிலும் வைப்பார்கள். இருவரிடமும் நியாயம் இருக்கும்.

தேர்ச்சியா இல்லையா என்று முடிவு செய்ய வேண்டுமென்றால் என் ஓட்டு கிரைட்டனுக்கே. 23 செயல்கள், செய்தால் 1, இல்லாவிட்டால் 0, பொருந்தாததை விட்டுவிடலாம். ஆனால் அப்படியே அச்செடுத்து மதிப்பெண் போட்டால் லாசட்டரின் அதே சிக்கல் இங்கும் வரும். ஒவ்வொரு சினாரியோவுக்கும் (பயிற்சிக்கான நோயாளிச் சூழ்நிலைக்கும்) '1' வாங்க மாணவி குறைந்தபட்சம் என்ன செய்ய வேண்டும் என்று ஆசிரியர்கள் முன்கூட்டியே எழுதிவைக்க வேண்டும். எல்லாம் அதில்தான் இருக்கிறது.

உதாரணமாக, ரத்தம் ஏறிக்கொண்டிருக்கும் நோயாளிக்கு நடுக்கம், காய்ச்சல் 38.5 டிகிரி செல்சியஸ்; ரத்தத்தை உடனே நிறுத்த வேண்டும். மாணவி குழாயின் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் ரோலர் கிளாம்பைப் பாதி மூடிவிட்டு மருத்துவரைக் கூப்பிடுகிறார். 'ரத்தத்தை நிறுத்தினார்' என்று ஒருவர் 1 போடுகிறார். குழாயின் மேல்பகுதியில் சொட்டு தெரியும் டிரிப் சேம்பரில் இன்னும் சொட்டு விழுவதைப் பார்த்த இன்னொருவர் 0 போடுகிறார். இன்னொரு மாணவி கிளாம்பை முழுதாக மூடிவிட்டு, அதே குழாயில் சலைனை ஓட விடுகிறார். குழாயில் தங்கிய ரத்தம் நோயாளிக்குள்தானே போகும்? ஆகவே குறிப்பு இப்படி இருக்க வேண்டும்: 'கிளாம்ப் முழுதாக மூடப்பட வேண்டும், ஒரு சொட்டும் விழக்கூடாது, புதிய குழாயில் சலைன்.'

குறிப்பு தயாரானதும் பதிவு செய்த ஒரே வீடியோவை இரண்டு பேர் ஒருவருக்கொருவர் பேசாமல் மதிப்பிட்டு, ஒத்துப்போகாத வரிகளை மட்டும் திருத்தி எழுதுங்கள். ஐந்தில் நான்கு வரியாவது ஒத்துப்போகும்வரை அந்த மதிப்பெண்ணைப் பதிவேட்டில் ஏற்றாதீர்கள். எந்த வரிகள் 'பொருந்தாது' என்ற பட்டியலையும் அன்றே முடிவு செய்து பூட்டிவிடுங்கள். ஒரு பேட்சுக்கு 18 வரி, அடுத்ததற்கு 21 வரி என்றால் இரண்டு சதவீதங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில் அர்த்தமில்லை.

நான்கு பேர் சேர்ந்து செய்யும் சினாரியோவில் கிரைட்டனும் திணறும். கிளாம்பை மூடியது ஒருத்தி, மூடச் சொன்னது இன்னொருத்தி என்றால் யாருக்கு 1? அங்கே குழுவுக்கு மட்டும் மதிப்பெண் போட்டு, தனிநபர் தேர்ச்சிக்கு வேறு சினாரியோ வைப்பதே முறை.

சிமுலேஷனில் வாங்கிய மதிப்பெண் வார்டிலும் அப்படியே நிற்கும் என்று கிரைட்டனை வைத்துச் சொல்லிவிட முடியாது. ஆனால் அதே 23 வரிகளை வார்டிலும் பயன்படுத்தலாம். அங்கே நோயாளிக்கு நோயாளி சூழ்நிலை மாறும், அதனால் குறைந்தபட்சக் குறிப்பையும் தனியாக எழுதியாக வேண்டும்.