மீன் லோடு பிக்கப்பும் சேசிஸ் துருவும்: கடற்கரையில் ஓட்டிப் பார்த்த அனுபவம்

வண்டியின் அடிச்சட்டமான சேசிஸில் ஏறும் துருவுக்கு எந்தக் கம்பெனி பெயின்ட் நல்லது என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். கடையில் விற்கும் சாமான் அநேகமாக எல்லாமே ஓரளவு வேலை செய்யும். உப்புப் போகாத, ஈரம் காயாத இரும்பின் மேல் பூசினால் எல்லாமே வித்தியாசமில்லாமல் தோற்கும். இவ்வளவு வருடம் ஓட்டியதில் நான் கண்டது இதுதான்.

என் வண்டி 2018 மாடல் பிக்கப். தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்திலிருந்து எட்டயபுரம், அருப்புக்கோட்டை வழியாக மதுரைக்கு மீன் லோடு. வண்டிக் கம்பெனியின் பெயர் இங்கே தேவையில்லை. ஐஸும் மீனும் ஏற்றிக் கடற்கரையில் நிறுத்தினால் எந்த வண்டிக்கும் இதே கதிதான்.

மழையே அதிகம் இல்லாத ஊரில் ஏன் இவ்வளவு துரு என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். மழை குறைவு, வெயில் அதிகம் என்பதால்தான் இங்கே உப்பு விளைகிறது. துருவுக்கு மழை வேண்டியதில்லை, காற்றில் இருக்கும் ஈரமே போதும். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பு தானாகவே தண்ணீரை இழுத்துக் கசிய ஆரம்பிக்கும். அடுப்படி உப்பு ஜாடியில் பார்க்கிறோமே, அதுதான். கடல்தண்ணீரில் இருக்கும் மக்னீசியம் குளோரைடு இன்னும் மோசம். ஏறத்தாழ 33 சதவீதத்திலேயே இளகிவிடும். கடலோரத்தில் காற்று அந்த அளவுக்கு வறண்டுபோவது அபூர்வம். அதனால் கடல்தண்ணீர் பட்ட சேசிஸ் கண்ணுக்குக் காய்ந்த மாதிரி தெரிந்தாலும், உப்புப் படிந்த இடம் மட்டும் ஈரமாகவே இருக்கும். இரவு முழுக்க வண்டி நின்றாலும் அரிப்பு நிற்காது.

இந்தப் பக்கத்து உப்புக்காற்று லேசுப்பட்டதல்ல. காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகம் உலோக அரிப்பைச் சோதிக்க, ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் ஒரு நிலையமே வைத்திருக்கிறது. 2025இல் திறந்த புதிய பாம்பன் ரயில் பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி, பாலிசிலாக்சேன் பூச்சு, முழுக்க வெல்டிங் செய்த இணைப்பு என்று போட்டிருக்கிறார்கள். போல்ட்டும் ரிவெட்டும் சேரும் இடுக்கில்தான் உப்புத்தண்ணீர் உட்காரும். பிக்கப் சேசிஸிலோ இடுக்குக்குப் பஞ்சமே இல்லை.

அந்த இடுக்குகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். வண்டிக்குக் கீழே படுத்துப் பார்த்தால் கண்ணில் படும் துரு பெரும்பாலும் மேலோட்டமானது. பக்கவாட்டில் செம்மண் நிறத்தில் பொடிப்பொடியாக இருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். லோடு பாடிக்கும் சேசிஸுக்கும் நடுவே இருக்கும் பேக்கிங் கட்டைதான் முதல் எதிரி. மீன்தண்ணீர் பலகை இடுக்கு வழியாக இறங்கி அந்த மரத்தில் ஊறிக்கொள்ளும். யு போல்ட்டைக் கழற்றிப் பாடியை நாலு விரல்கடை தூக்கினபோது, கட்டைக்கு அடியில் சேசிஸின் மேல்பட்டை ஏடு ஏடாக எழும்பியிருந்தது. ஸ்க்ரூ டிரைவரை விட்டு நெம்பினால் விரல் நகம் அளவுக்குத் தகடு தகடாக உதிர்ந்தது. இரும்பு துருவாக மாறும்போது பழைய இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். அதனால்தான் இடுக்கில் துரு ஏறினால் போல்ட் போட்ட தகட்டையே பிளந்து தள்ளுகிறது. ஒன்று மட்டும் ஆறுதல். துரு பார்வைக்குத் தடிமனாக இருந்தாலும், தின்ற இரும்பு அந்த அளவுக்கு இருக்காது.

அடுத்தது பின்பக்க ஸ்ப்ரிங்கைச் சேசிஸோடு பிடிக்கும் ஹேங்கர், அதை ஒட்டிய குறுக்குச் சட்டமான கிராஸ் மெம்பர், ஸ்டெப்னி தொங்கும் இடம். பின் டயர் வாரி அடிக்கும் சேறு ஹேங்கருக்குப் பின்னால் அடையாக உட்கார்ந்து காயவே காயாது. சேசிஸ் திறந்த ‘சி’ வடிவமாக இருந்தால் கை விட்டுத் துடைக்கலாம். நாலு பக்கமும் மூடிய பெட்டி வடிவமாக இருந்தால் உள்ளே நடப்பது வெளியே தெரியாது. அடியில் இருக்கும் வடிகால் ஓட்டைகள் சேற்றால் அடைத்துக்கொண்டால் உள்ளிருந்து தின்றுகொண்டே வரும். இது நம் ஊர்க் கதை மட்டுமில்லை. பனி உருக ரோட்டில் உப்புப் போடும் அமெரிக்காவில், டொயோட்டா கம்பெனியின் டகோமா, டன்ட்ரா, செகோயா வண்டிகளின் சேசிஸ் துருவை வைத்து ஒரு பெரிய வழக்கு நடந்தது. பரிசோதித்து, துருவால் கெட்டுப்போன சேசிஸை மாற்றித் தருவதாக டொயோட்டா 2016இல் சமரசத்துக்கு ஒப்புக்கொண்டது.

நம்மிடம் வழக்கமாக நடக்கும் வைத்தியம் வேறு. வண்டியின் தகுதிச் சான்றான எஃப்சிக்கு முந்தின வாரம் ஒரு வாட்டர் சர்வீஸ், அப்புறம் சேசிஸ் முழுக்கக் கறுப்பு பெயின்ட். எட்டு வருடம் ஆகும்வரை லோடு வண்டிக்கு இரண்டு வருடத்துக்கு ஒரு எஃப்சி, அதன் பிறகு வருடா வருடம். ஆகவே பழைய வண்டி ஒவ்வொன்றும் வருடத்துக்கு ஒருமுறை புதுசு மாதிரி பளபளக்கும். “அண்ணாச்சி, மேலாக்குல ஒரு கோட்டு அடிச்சி விட்டுருதேன், ஒண்ணும் தெரியாது” என்று பெயின்டர் தம்பி சொல்வது உண்மைதான். ஒன்றும் தெரியாது. துருவின் மேல் ரெட் ஆக்சைடு என்ற அடிப்பூச்சும் எனாமல் பெயின்டும் அடித்தால் அடுத்த ஐப்பசி மழைக்குள் கொப்புளம் கொப்புளமாக எழும்பும். ரெட் ஆக்சைடை மட்டும் அடித்து மேல்கோட் இல்லாமல் விடுவது இன்னும் வீண். அது தண்ணீரைத் தடுக்காது.

என் மச்சான் வண்டிக்கு ஒரு கடையில் ரப்பர் அண்டர்பாடி கோட்டிங் போட்டார்கள். கனமாக, கறுப்பாக, பார்க்க நன்றாகத்தான் இருந்தது. கல் அடித்த இடங்களில் விரிசல் விட்டு, அந்த வழியாக உப்புத்தண்ணீர் உள்ளே போய்த் தங்கிவிட்டது. வெளியே கோட்டிங் அப்படியே இருக்க, விரலால் அழுத்தினால் உள்ளே பொதபொத என்றது. பாளம் பாளமாகப் பிய்த்து எடுத்தபோது அடியில் முழுக்க ஈரத் துரு. புத்தம்புது வண்டிக்கு, துரு தொடங்கும் முன் போட்டால் இந்தக் கோட்டிங்கைக் குறை சொல்ல மாட்டேன். ஓடின மீன் வண்டிக்கு வேண்டவே வேண்டாம்.

கழிவு ஆயில் அடிப்பதும் பரவலாக உண்டு. துருவை அது மட்டுப்படுத்தும் என்பதை மறுக்க முடியாது. ஆனால் புஷ், ரப்பர் மவுன்டிங் எல்லாம் ஊறி உப்பிப்போகும். தோலில் படுவதும் நல்லதில்லை, சொட்டுகிற இடத்தில் மண்ணும் கெடும். பிரேக் டிரம் பக்கம் தெறித்தால் சொல்லவே வேண்டாம். மீன் ஏற்றும் வண்டியில் நான் அதைச் சேர்ப்பதில்லை.

நான் செய்துகொண்ட முறை நேரம் பிடிப்பது. பாடியை இறக்கி, நல்ல தண்ணீரில் பிரஷர் வாஷ். ‘நல்ல தண்ணீர்’ என்பதை அழுத்திச் சொல்கிறேன். கடற்கரைப் பக்கம் பாதி வாட்டர் சர்வீஸ் கடைகளில் போர் தண்ணீர்தான். நாக்கில் வைத்தாலே கரிக்கும். அதில் கழுவுவது உப்பை உப்பால் கழுவுகிற வேலை. கழுவியபின் இரண்டு நாள் வெயிலில் நிறுத்தி, இடுக்கெல்லாம் கம்ப்ரசர் காற்று அடித்துக் காயவைத்தேன். அப்புறம் சிப்பிங் சுத்தியலால் ஏடுகளைத் தட்டி எடுத்து, கிரைண்டரில் கப் பிரஷ் மாட்டித் தேய்த்தோம். வழவழப்பாகப் பளபளத்தால் துரு போய்விட்டது என்று அர்த்தமில்லை. ஒயர் பிரஷ் துருவையே பாலிஷ் போட்டுவிடும். குழிகளுக்குள் எமரி ஷீட்டை மடித்து விட்டுத்தான் சரிபார்க்க வேண்டியிருந்தது.

இங்கே ஒரு எச்சரிக்கை. சேசிஸ் நம்பர் குத்தியிருக்கும் இடத்துக்குக் கிரைண்டரைக் கொண்டுபோகவே கூடாது. அந்த எண் தேய்ந்துபோனால் எஃப்சி, பெயர் மாற்றம் எல்லாவற்றிலும் அலைச்சல்தான். அங்கே கையால் மெல்லத் துலக்கி, கிரீஸ் தடவி விடுவதே போதும். எண்ணின் மேல் காகிதம் வைத்துத் தேய்த்துப் பென்சில் பிரிண்ட் எடுக்கும் அன்று துடைத்துக்கொள்ளலாம்.

முழுக்க வெள்ளை இரும்பாகத் தேய்ந்த இடங்களுக்கு இரண்டு டப்பாவில் வருவதைக் கலந்து பூசும் எபாக்சி பிரைமர் என்ற அடிப்பூச்சு. குழிக்குள் ஒட்டிக்கொண்ட துருவுக்கு, துருவையே வேறு பொருளாக மாற்றும் கன்வர்ட்டர். நான் வாங்கியது டானிக் அமிலம் உள்ளது. தடவும்போது பால் மாதிரி வெள்ளையாக இருந்தது, கொஞ்ச நேரத்தில் ஊதா கலந்து, அப்புறம் நீலக்கறுப்பாக மாறியது. கடுக்காயும் இரும்பும் சேர்த்து மை காய்ச்சினார்களே, அதே ரசாயனம்தான். எண்ணெய்ப் பிசுக்கு இருந்த இடத்தில் ஒட்டாமல் முத்து முத்தாக உருண்டு நின்றது. அங்கே தின்னர் போட்டுத் துடைத்து மறுபடி பூசினோம். பாஸ்பாரிக் அமிலம் உள்ள கன்வர்ட்டரும் வேலை செய்யும். ஆனால் மிச்ச அமிலத்தின் மேல் எபாக்சி சரியாகப் பிடிக்காது, டப்பாவில் போட்டிருப்பதைப் படித்துவிட்டு வாங்குங்கள். எழும்பி நிற்கும் ஏட்டின் மேல் எந்தக் கன்வர்ட்டரைப் பூசினாலும் பயனில்லை, மேல்தோல் மட்டும் கறுக்கும். ஜிங்க், அதாவது துத்தநாக ஸ்ப்ரேயும் அப்படித்தான். துத்தநாகம் இரும்பை நேராகத் தொட்டால்தான் இரும்புக்குப் பதில் தான் கரையும்.

இணையத்தில் பேட்டரியில் மாட்டும் துரு தடுப்புக் கருவி என்று ஒன்று விற்கிறார்கள். கப்பலுக்கும் மண்ணில் புதைத்த குழாய்க்கும் மின்சாரப் பாதுகாப்பு பலிப்பதற்குக் காரணம், அவை தண்ணீரிலோ ஈர மண்ணிலோ முழுக்கக் கிடப்பது. ரோட்டில் ஓடும் வண்டியைச் சுற்றி இருப்பது வெறும் காற்று. நான் அதற்குக் காசு போடவில்லை.

எபாக்சிக்கு மேல் வெளிப்பக்கம் கறுப்பு பாலியூரித்தேன் பெயின்ட். பெட்டிப் பகுதிக்குள்ளும், ஹேங்கர் இடுக்கிலும், கட்டைக்கு அடியிலும் காயாத மெழுகுப் பூச்சு. நீளமான டியூப் முனையில் சுற்றிலும் பீய்ச்சும் நாசில் வைத்து, வடிகால் ஓட்டை வழியாகவே உள்ளே விட்டோம். மறுமுனை ஓட்டையில் மெழுகு எட்டிப் பார்க்கும்வரை அடித்து, பிறகு ஓட்டையை மட்டும் குத்தித் திறந்துவிட்டோம். ஆட்டு ரோமத்திலிருந்து எடுக்கும் லானோலின் பூச்சும் இதே ரகம். கொஞ்சம் வாடை அடிக்கும். மீன் வண்டியில் அதை யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள்!

இத்தனை வருடம் கழித்து எது நின்றது என்றால், வெளிப்பக்க எபாக்சி நன்றாகவே நின்றிருக்கிறது. கல் அடித்த இடங்களில் மட்டும் புள்ளி புள்ளியாகத் துரு எட்டிப் பார்க்கிறது. அவ்வப்போது தேய்த்து டச்சப் செய்தால் போதும். மெழுகு போட்ட உள்பகுதி அதைவிட நல்ல நிலையில் இருக்கிறது. விரிசல் விடாது, கீறினாலும் தானே பரவி மூடிக்கொள்ளும். குறை என்னவென்றால், பின் டயருக்கு நேரே தண்ணீர் அடிக்கும் இடத்தில் வருடத்துக்கு மேல் தாங்கவில்லை. ஐப்பசிக்கு முன்னால் வருடா வருடம் அந்த இடத்துக்கு மட்டும் மறுபடி அடிக்கிறேன்.

பூச்சையெல்லாம்விட அதிகம் உதவியது ஒரு சின்ன மாற்றம். லோடு பாடி தரையில் தகடு போட்டு இடுக்கை அடைத்து, தண்ணீர் முழுவதையும் பின் மூலையில் ஒரே ஓட்டைக்கு வரும்படி சாய்வு கொடுத்து, அங்கிருந்து ஓஸ் வைத்து ஒரு கேனில் இறக்கினோம். இப்போது கிராஸ் மெம்பர் மேல் சொட்டுவதில்லை. ரோட்டில் மீன்தண்ணீர் ஊற்றிக்கொண்டு போகிறான் என்று பின்னால் பைக்கில் வருகிறவரிடம் ஏச்சு வாங்குவதும் நின்றது. மரக்கட்டையையும் பாடி இறக்கினபோதே மாற்றி, எல்லாப் பக்கமும் மெழுகு பூசித்தான் உட்காரவைத்தோம்.

பெயின்ட் பேச்சில் எல்லாரும் மறப்பது பிரேக் பைப். சேசிஸை ஒட்டிப் பின் சக்கரம்வரை போகும் அந்த மெல்லிய இரும்புக் குழாய், கிளிப் பிடிக்கும் இடத்தில்தான் அரிக்கும். கிளிப்பைத் தளர்த்திப் பார்க்காமல் தெரியாது. சேசிஸ் ஓட்டையாவதற்கு முன்னால் இது போய்விடும், அப்போது பிரேக் இருக்காது. குழாயில் சொரசொரப்பாகக் குழி தெரிந்தால் தேய்த்துப் பெயின்ட் அடிக்காமல் மாற்றிவிடுங்கள்.

ஓட்டையே விழுந்துவிட்டால் பூச்சுக்கு அங்கே வேலையில்லை. பட்டி என்ற பசையை வைத்து மூடிப் பெயின்ட் அடித்துத் தருகிறவர்கள் இருக்கிறார்கள், அந்தப் பக்கமே போக வேண்டாம். நல்ல இரும்பு வரும்வரை வெட்டி, தகடு சேர்த்து வெல்டிங் வைக்க வேண்டும். ஒட்டுத் தகட்டின் முனையைச் செங்குத்தாக விடாமல் சாய்வாக வெட்டச் சொல்லுங்கள். நேர்கோட்டில் முடிந்தால் லோடு அழுத்தம் அந்த ஒரே கோட்டில் விழுந்து அங்கேயே விரிசல் விடும். வெல்டிங்குக்கு முன் பேட்டரி வயர் கழற்றப்பட்டதா, டீசல் டேங்கும் பிரேக் பைப்பும் தள்ளி வைக்கப்பட்டதா என்று கூடவே நின்று பார்த்துக்கொள்ளுங்கள். வெல்டிங் சூட்டில் உள்பக்கப் பூச்சு எரிந்துபோயிருக்கும். ஆறியதும் உள்ளே மறுபடி மெழுகு அடிக்காவிட்டால் புதுத் தகடு பழசைவிட வேகமாகப் போகும்.

கடற்கரை ஊரில் பழைய பிக்கப் வாங்கப் போகிறவர்கள், கறுப்பு பெயின்ட் புதுசாக மின்னினால் சந்தேகத்தோடு பாருங்கள். ஒரு சின்ன சுத்தியலைக் கையோடு கொண்டுபோய், பின் ஹேங்கருக்கு முன்னும் பின்னும், கிராஸ் மெம்பர் சேரும் மூலையிலும் தட்டுங்கள். நல்ல இரும்பு கணீர் என்று சொல்லும். பொத்தென்று சத்தம் வந்தாலோ, உள்ளே பொடி சரிகிற ஓசை கேட்டாலோ விலை பேச வேண்டாம். தட்டக்கூடாது என்று விற்கிறவர் தடுத்தால், அந்த வண்டியைத் தட்டியே பார்க்க வேண்டியதில்லை.