குடியாத்தத்தில் ஸ்மியர் பார்த்துச் சொல்லும் ஒரு சின்ன லேப்

நைனாவுக்குப் பித்தப்பைக் கல் ஆபரேஷன். அதற்கு முன்னால் வேறொரு இடத்தில் எடுத்த டெஸ்டில், ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் அணுக்கள் 42,000 என்று வந்துவிட்டது. ஒன்றரை லட்சத்துக்குக் குறையக் கூடாது. ஆபரேஷன் தள்ளிப்போனது, வீட்டில் ஆளாளுக்குப் பப்பாளி இலையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். அவருக்கோ காய்ச்சல் இல்லை, ஈறில் ரத்தக்கசிவு இல்லை, தோலில் ஒரு சிவப்புப் புள்ளிகூட இல்லை. எப்போதும்போல் தறியில் கைலி நெய்துகொண்டிருந்தார்.

பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரத்தில் இருக்கிறது இந்த லேப். ரத்தம் எடுக்கும் அக்கா பழைய ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "அடிபட்டா ரத்தம் நிக்க நேரமாகுதாய்யா?" என்று கேட்டார். இல்லை என்றதும், "அப்ப ஸ்மியர் பார்த்துடலாம்" என்றார். ரத்தத்தைக் கண்ணாடியில் மெல்லிசாகப் பூசி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பதுதான் ஸ்மியர். கண்ணாடிச் சில்லில் ஒரு சொட்டு வைத்து, இன்னொரு சில்லைச் சாய்த்து ஒரே தள்ளு. நாக்கு வடிவத்தில் மெல்லிசாகப் படிந்தது. காய்ந்ததும் லீஷ்மன் சாயம் ஊற்றினார்.

சாயங்காலம் டாக்டர் என்னையே மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொன்னார். ரோஸ் நிறச் சிவப்பணுக்களுக்கு நடுவே, ஸ்மியரின் வால் பக்கத்தில், ஊதா நிறப் பொடிகள் கொத்துக் கொத்தாக ஒட்டிக் கிடந்தன. அத்தனையும் பிளேட்லெட்! ஊதா மூடி டியூபில் ரத்தம் உறையாமலிருக்க இடிடிஏ என்ற மருந்து இருக்கும். சிலருடைய ரத்தத்தில் அது பட்டால் பிளேட்லெட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளுமாம். மெஷின் அளவை வைத்து எண்ணுவதால் கொத்தைப் பிளேட்லெட் கணக்கில் சேர்ப்பதில்லை. ரத்தம் உறையாமலிருக்க இடிடிஏவுக்குப் பதில் சிட்ரேட் இருக்கும் நீல மூடி டியூபில் மறுபடி எடுத்து, உடனே மெஷினில் போட்டார்கள். 2,10,000! இரண்டாவது முறைக்குக் காசு வாங்கவில்லை. கொத்து இருந்ததை டாக்டர் ரிப்போர்ட்டிலேயே எழுதி, "இனிமேல் எங்கே போனாலும் இதைக் காட்டுங்க" என்றும் சொன்னார்.

தெரியாததைத் தெரியும் என்று சொல்லாத இடம் இது. என் ஓரகத்தி மகளுக்கு இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டும் ஹீமோகுளோபின் ஏறவில்லை. சிவப்பணு சின்னதாக இருக்கிறது, எண்ணிக்கை மட்டும் அதிகம், பரம்பரையாக வரும் தலசீமியா என்ற ரத்தக் குறைபாட்டின் கூறு இருக்கலாம், ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துப் பார்க்கும் எச்பிஎல்சி டெஸ்டில்தான் உறுதியாகும் என்று சொல்லி வேலூர் சிஎம்சிக்கு அனுப்பிவிட்டார்கள்.

குறை என்றால், உட்கார ஒரே பெஞ்ச், மத்தியானத்தில் ஃபேன் காற்று வருவதே இல்லை. வயதானவர்களுக்குக் கஷ்டம். டாக்டர் சாயங்காலம்தான் வருகிறார், ஞாயிறு வருவதில்லை. ஸ்மியர் ரிப்போர்ட் வேண்டுமென்றால் சனிக்கிழமைக்குள் போய்விடுங்கள்.